கம்பெனி காசுல பளபளக்கும் பள்ளிகள்... பராமரிப்பு யார் பொறுப்பு?

உங்க ஏரியா மாநகராட்சிப் பள்ளியில புது கழிப்பறை, சுவரில் ஒரு கம்பெனி லோகோ... பார்த்திருப்பீங்க. 'இவங்க ஏன் செய்றாங்க?'னு யோசிச்சிருக்கீங்களா?

2013 கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். இந்தப் பணத்தை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவரத்தான் தமிழகத்தில் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது.

சிக்கல் எங்கே? கழிப்பறை கட்டுறது ஒருமுறைச் செலவு. அதைத் தினமும் சுத்தம் செய்றவருக்குச் சம்பளம் மாசா மாசம் வேணும்.

உங்க குழந்தை அங்கே படிச்சா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். 'பராமரிப்புக்கும் பணம் இருக்கா?'னு கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க.