வெட்டுக்கிளிக்கு மறுவாழ்வு

கப்பலில் பணிபுரிந்த என் பெரிய மாமா 1985ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியுடன் ஊர் திரும்பினார். பெட்டிக்குள் இருந்தது கார் அன்று; ஒரு சிறிய காருக்குரிய உறுப்புகள். படம் போட்ட விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து, மாமாவே அதைப் பூட்டி முடித்தாராம். கம்பியே இல்லாமல் தூரத்திலிருந்து ஓட்டும் அந்தக் காரைப் பார்க்கத் தெருவே கூடியதாம். பிறகு மாமாவுக்குத் திருமணம் ஆயிற்று. கார் பரணுக்குப் போயிற்று.

சென்ற கோடை விடுமுறையில் பரணை ஒழித்தபோது அது என் கையில் கிடைத்தது. டயர்கள் வெடித்திருந்தன. வெள்ளை உடல் பழுத்த மஞ்சளாகியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு விரிசலைச் செம்புக் கம்பியால் தைத்திருந்தார் மாமா. "ஓட வச்சிட்டா உனக்கே" என்றார் அவர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி திருப்புளியும் குறடும்?" என்றார் பாட்டி. இருவர் சொன்னதும் எனக்கு ஊக்கமாகவே இருந்தது. அந்த விடுமுறையில் நான் கற்றதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வெட்டுக்கிளி பிறந்த கதை

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் உள்ளது தமியா நிறுவனம். 1946இல் மர வியாபாரத்தில் தொடங்கி, பின்னர் பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. 1976இல் தன் முதல் வானொலிக் காரை வெளியிட்டது. 1979இல் மணலிலும் மேடு பள்ளத்திலும் ஓடக்கூடிய 'பக்கி' வகைக் கார்களைக் கொண்டு வந்தது. 1984இல் வந்த இரண்டு பக்கிகள் உலகெங்கும் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. மற்றொன்று 'ஹார்னெட்', அதாவது குளவி. மாமா வாங்கியது வெட்டுக்கிளி. உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுடையது.

இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. ஆனால் புதிதாகப் பழகுவோருக்கான வெட்டுக்கிளிக்கு 380 என்னும் சிறிய மோட்டார். சுமார் 28 மில்லிமீட்டர் விட்டம். குளவிக்கு 540 என்னும் பெரிய மோட்டார். சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம். குளவியின் பின்புறத்தில் எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளும் உண்டு. வெட்டுக்கிளிக்கு வெறும் சுருள்வில் மட்டுமே. இந்த வேறுபாட்டை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்!

எப்படி ஓடுகிறது?

நம் கையிலுள்ள கருவி இரண்டு கட்டளைகளை வானொலி அலையாக அனுப்புகிறது. ஒன்று திருப்புவதற்கு, மற்றொன்று வேகத்திற்கு. காரிலுள்ள ஏற்பி அவற்றை வாங்கி 'சர்வோ' என்னும் சிறு இயந்திரங்களிடம் கொடுக்கிறது. ஒரு சர்வோ முன்சக்கரங்களைத் திருப்பும். மற்றொரு சர்வோ ஓர் உலோக நாக்கைத் தகடுகளின் மேல் நகர்த்தும். நாக்கு எந்தத் தகட்டில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்னோட்டம் மின்தடை வழியாகவோ நேராகவோ மோட்டாருக்குச் செல்லும். மெதுவாகப் போகும்போது மீதி மின்சக்தி மின்தடையில் வெப்பமாக வீணாகும். மின்கலத் தொகுதியில் 1.2 வோல்ட் கலங்கள் ஆறு, ஆக 7.2 வோல்ட்.

முதலில் பழையபடி ஆக்குதல்

பழுது பார்ப்பவர் முதலில் எடுக்க வேண்டியது திருப்புளியை அன்று, பென்சிலையும் காகிதத்தையும். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று வரைந்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எழுதி வைத்தேன். ஜப்பானியக் கூட்டல்குறித் திருகுகளின் பள்ளம் நம் கடைத் திருப்புளியின் முனையிலிருந்து சற்றே வேறுபட்டது. பொருந்தாத முனையை அழுத்தித் திருகினால் திருகின் தலை வழுக்கிக் கெட்டுவிடும். திரும்பப் பூட்டும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். 'டக்' என்று ஓரிடத்தில் அமரும். அதுதான் பழைய புரி. அங்கிருந்து முடுக்கினால் புதுப்புரி வெட்டாது, துளையும் கெடாது.

பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தன. அது காரப் பொருள், தோலை அரிக்கும். கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் மின்முனைகளைத் துடைத்தேன். காட்மியம் நஞ்சு. ஆகவே அந்தக் கலங்களைக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் உறுப்புகளைச் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பெட்ரோல் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்; கொதிநீர் வளைத்துவிடும். பற்சக்கரங்களில் கெட்டிப்பட்ட பழைய கிரீசை வழித்தெடுத்துப் புதியது இட்டேன். டயர்களுக்குக் கவலையில்லை. ஹார்னெட் 2004இலும், கிராஸ்ஹாப்பர் 2005இலும் மீண்டும் தயாரிக்கப்பட்டதால் பழைய கார்களுக்கும் உறுப்புகள் கிடைக்கின்றன. மஞ்சளான உடலை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம். நான் அப்படியே விட்டுவிட்டேன். வயதை மறைப்பது பழுது நீக்குதல் ஆகாதே!

விரலுக்குத் தக்க வீக்கம்

கார் ஓடியது. அத்துடன் நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? சிறிய மோட்டாரைக் கழற்றிவிட்டுக் குளவியின் 540 மோட்டாரைப் பொருத்தினேன். மாமா பூட்டிய காரை, அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் மாற்றிவிட்டேன்.

தெருவில் விட்டதும் சீறிப் பாய்ந்தது. சிறு கல் ஒன்றில் ஏறியதும் பின்புறம் துள்ளத் தொடங்கியது. துள்ளல் அடங்கவே இல்லை. சுருள்வில் தன்மேல் விழுந்த விசையைச் சேமித்து அப்படியே திருப்பித் தருகிறது. எண்ணெய் இருந்தால் அது சிறு துளைகள் வழியே நெருக்கிப் போகும்போது அந்தச் சக்தி வெப்பமாகி, துள்ளல் தணியும். என் காரில் எண்ணெய் ஏது? அதே நேரம் தீய்ந்த வாடை வந்தது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! களிம்பேறிய பழைய தகடுகளால் அதைத் தாங்க முடியவில்லை. கைக்கருவியை நான் விட்டபோதும் கார் நிற்காமல் எதிர்ச்சுவரில் மோதியது. மாமாவின் செம்புத் தையல் பிரிந்து, விரிசல் இன்னும் ஒரு விரற்கடை நீண்டது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. காலையில் காரை எடுத்துப்போய் மாமாவிடம் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மோட்டாரைப் பெருசாக்கினே, மத்ததெல்லாம் சின்னதாத்தானே இருக்கு?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் தவறு முழுவதும் விளங்கியது. ஒரு யந்திரத்தில் எந்த உறுப்பும் தனியாக நிற்பதில்லை. ஓர் உறுப்பின் பலத்தைக் கூட்டினால், பாரம் அடுத்த உறுப்பின் தலையில் இறங்குகிறது.

முறையான மாற்றங்கள்

பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றமாகச் செய்தோம்; ஒவ்வொன்றுக்கும் பின் ஓட்டிப் பார்த்தோம். முதலில் சிறிய மோட்டாரையே திரும்பப் பொருத்தினோம். சக்கர அச்சுகளைத் தாங்கிய பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு, 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 5 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள பால் பேரிங்குகளை வைத்தோம். உராய்வு குறைந்ததால், அதே மோட்டாரில் கார் கூடுதல் தூரம் ஓடியது. தீய்ந்த தகடுகளுக்குப் பதில் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. அது மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறைக்கு மேல் திறந்து மூடியே வேகத்தை மாற்றுவதால் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. பின்புறத்திற்கு எண்ணெய் அதிர்வுதாங்கிகள் வந்தன. கசிந்த கலங்களால் கெட்ட பழைய வானொலிக்குப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி. மின்கலத்திற்கு அதே 7.2 வோல்ட் நிக்கல்-உலோக ஹைட்ரைடு போதும். லித்தியம் கலங்களுக்குத் தனி மின்னேற்றியும் கூடுதல் எச்சரிக்கையும் தேவை. தவறாகக் கையாண்டால் தீப்பற்றும்.

எடுத்த உறுப்புகள் ஒன்றையும் எறியவில்லை. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், பெயர் எழுதிய பொட்டலங்களில் இருக்கின்றன. நாளை யாரேனும் விரும்பினால் காரை 1985இல் இருந்தபடியே ஆக்கிவிடலாம். நல்ல மாற்றத்திற்கு இதுவே அடையாளம் என்பேன்.

புதிய கீழ்த்தட்டும் வாங்கியிருக்கலாம். ஆனால் விரிசலின் முனையில் ஒரு சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாதபடி நிறுத்தி, செம்புக் கம்பியால் மீண்டும் தைத்தோம். பாதித் தையல் மாமாவுடையது, பாதி என்னுடையது. இப்போது ஞாயிறு மாலைகளில் மாமாதான் அதிகம் ஓட்டுகிறார். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கார் திரும்பும்போதெல்லாம் காலைத் தூக்கிக்கொள்கிறார்.

தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஓடாத கடிகாரமோ, பாடாத வானொலியோ, தைக்காத தையல் யந்திரமோ இருக்கலாம். இறக்கிப் பாருங்கள். மின் இணைப்புள்ள பொருளானால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன், செய்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு நிமிடம் கேளுங்கள். பென்சிலை மறவாதீர்கள்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி