வேலையை விட்டால் அதே தொழிலைச் செய்யக் கூடாதா? கம்பெனி ஒப்பந்தம் எதுவரை செல்லும்?

ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் எட்டு வருஷ வேலை. பிளான் போடுவது இவர், கிளையன்ட் போன் செய்வதும் இவருக்குத்தான். பெயர் மட்டும் முதலாளிக்கு. சம்பள உயர்வு கேட்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பதில் வரும். இப்படி நொந்துபோய் தனியாக ஆபீஸ் போட நினைக்கும் பலரைத் தடுப்பது, வேலையில் சேரும்போது போட்ட ஒரு கையெழுத்து. 'வேலையை விட்டு 2 ஆண்டுகளுக்கு இதே தொழிலைச் செய்ய மாட்டேன்' என்ற நிபந்தனை. இது செல்லுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுவாகச் செல்லாது. சட்டப்படியான தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்போ, எதற்குமே கட்டுப்பட வேண்டாமா?

அப்படி இல்லை. மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

* சம்பளம் வாங்கும் காலத்திலேயே போட்டித் தொழில் நடத்தக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். நோட்டீஸ் பீரியடையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.
* வேலையின் பகுதியாக வரைந்த பிளான்களின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். பென்டிரைவில் ஃபைல்களை அள்ளிக்கொண்டு வந்தால் சிக்கல்தான். கற்ற திறமையை யாரும் பறிக்க முடியாது.
* குறிப்பிட்ட காலம் வேலை பார்ப்பதாக பாண்ட் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகள் முடியும் முன் விலகிய பொதுத்துறை வங்கி அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என 2025-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பணக் கணக்கு எப்படி?

'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு வைக்க, 1972-ம் ஆண்டு சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம். வரவு 50 லட்சம் வரை இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டி வருமான வரி கட்டும் எளிய முறையும் உண்டு. கம்பெனிகள் கட்டணத்தில் பொதுவாக 10% டிடிஎஸ் பிடித்துத்தான் தரும். அதனால் கைக்கு வரும் தொகையை வைத்தே மாதச் செலவைத் திட்டமிடுவது நல்லது.

ராஜினாமா கடிதம் எழுதும் முன், பீரோவில் கிடக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுசாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லாமலும் போகலாம்.