வேண்டாத வாயும் திருமலை ஏற்றமும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வேலை உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினரைத் திருமலைக்கு அழைத்துப் போவதுதான் அது. பேரனுக்கு மொட்டை, மகளுக்கு வரன் அமைந்த வேண்டுதல் என்று ஆண்டு முழுவதும் யாராவது வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். வண்டி நிறைய ஆட்கள், சித்திரை வெயில், மலைப் பாதை ஆகிய மூன்றும் சேரும்போது எஞ்சினில் ஒளிந்திருக்கும் சிறு குறையும் வெளியே வந்துவிடும். என் பழைய அம்பாசடரில் அப்படி வெளிப்பட்ட ஒரு குறையையும், அதைச் சரி செய்த விதத்தையும் நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வாடகை வண்டி பேசி மலை ஏறுவோருக்கும் இது பயன்படும்.

இங்கிலாந்துக் குளிருக்கு வைத்த வாய்

அம்பாசடர் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைப் பின்பற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தயாரிப்பு 2014-ல் நின்றது. நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஆங்கிலேய வடிவமைப்புதான்.

குளிர் நாட்டுக் காரில் உட்கார்ந்திருப்போருக்குச் சூடு வேண்டும். எஞ்சினைச் சுற்றி வரும் சுடுநீரையே ஒரு குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, அதன் மீது காற்றை வீசச் செய்வதுதான் ஹீட்டர். அந்தச் சுடுநீர் வெளியேற சிலிண்டர் ஹெட்டில் ஒரு வாய் வைத்திருப்பார்கள். அக்கினி நட்சத்திரத்தில் தகிக்கும் நம் சித்தூருக்கு ஹீட்டர் எதற்கு? ஹீட்டர் இல்லாத வண்டியில் அந்த வாயை ஒரு தகட்டாலோ டம்மியாலோ அடைத்துவிடுவார்கள். பயன்படாத வாய்தானே என்று அதன் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சுடுநீருக்கு அது பயன்படாத வாய் என்று தெரியாது!

சொட்டும் நீரும் போகும் அழுத்தமும்

1998 கோடையில் வேலூரிலிருந்து என் அக்காள் குடும்பம் மொட்டைக்காக வந்திருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, சித்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். எஞ்சினின் பின்கோடியில் அந்தத் தகட்டைச் சுற்றி வெள்ளையும் துருவுமாகப் படிந்திருந்தது. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்தில் யாரோ அதன் மேல் எம்-சீல் பூசியிருந்தார்கள்.

“மறுபடியும் கொஞ்சம் எம்-சீல் வைத்தால் போதாதா?” என்று அக்காள் கணவர் கேட்டார்.

“சித்தூருக்குள்ள ஓட்டுறதுக்குப் போதும் சார். அலிபிரி தாண்டினா தாங்காது” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் ஒரு அறிவியல் இருக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். திருமலை 850 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காரில் மட்டும் ஏன் கொதிப்பதில்லை? ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவமேதான். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். ஒழுகும் வாய் நீரை மட்டும் இழக்கவில்லை. அந்த அழுத்தத்தையும் இழக்கிறது. ஆகவே சமதரையில் சொட்டு சொட்டாக இருந்த குறை, மலையில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது கொதிப்பாக மாறும். அதன் பிறகு ஹெட் கேஸ்கட் போகலாம், ஹெட்டே வளையலாம். பிள்ளைகளோடு கொண்டை ஊசி வளைவில் நிற்பது அதைவிடப் பெரிய துன்பம்.

மரை போட்டு அடைத்த விதம்

தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அது உட்காரும் முகமே அரித்துக் குழி குழியாக இருந்தது. புதுப் பேக்கிங் வைத்தாலும் பிடிக்காது. எனவே துளைக்குள்ளேயே மரை வெட்டி, பித்தளை டம்மி முறுக்கிவிடுவது என்று முடிவாயிற்று. பக்கத்து லேத் பட்டறைக்காரரை அழைத்தார்கள். நாம் ‘மரை’ என்பதை அவர் தெலுங்கில் ‘மர’ என்றார். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் அல்லவா? பட்டறைப் பேச்சில் இரண்டு மொழியும் கலந்தே ஓடும்.

அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு தண்ணீரை வடித்தார்கள். துளையை அளந்து அதற்கேற்ற குழாய் மரை டேப்பை எடுத்தார்கள். இதில் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. ‘கால் அங்குலக் குழாய் மரை’ என்பதன் வெளிவிட்டம் 13 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்! டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினார்கள். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் தேவையில்லை. துகள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளவே இந்தக் கிரீஸ். டேப்பை நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்பினார்கள். நடு நடுவே வெளியே எடுத்துத் துடைத்தார்கள். மீந்த துகளைக் காந்தத்தால் எடுத்து, தண்ணீர் விட்டு அலசினார்கள்.

டம்மி உள்ளே நீண்டு நீரோட்டத்தை மறிக்காதபடி நீளம் பார்த்து, மரைக்குரிய சீலண்ட் தடவி முறுக்கினார்கள். குழாய் மரை கூம்பு வடிவம். இறுக இறுக ஆப்பு போல விரிக்கும். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற ஆசை வார்ப்பை விரிசல் விடச் செய்யும். பட்டறைக்காரர் கை சரியான இடத்தில் நின்றது.

சீலண்ட் காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டுப் பார்த்தோம். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மீண்டும் பார்த்துவிட்டு, காணிப்பாக்கம் பிள்ளையார் வரை போய் வந்தோம். ஒரு சொட்டு இல்லை. அதற்கடுத்த நாள் சந்திரகிரி வழியாகத் திருப்பதி சேர்ந்து மலை ஏறினோம். முதல் மலைப் பாதை 1944-ல் திறக்கப்பட்டது; இப்போது இறங்குவதற்கு அது, ஏறுவதற்கு இரண்டாவது பாதை. சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்திலும் முள் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. குழந்தைக்கு நல்லபடியாக முடி இறக்கினோம்.

இன்றைய வண்டிகளுக்கு

இப்போதைய கார்களில் பெரும்பாலும் அலுமினிய ஹெட். அதில் மரை சீக்கிரம் சிதையும். துகளைக் காந்தம் பிடிக்காது. எனவே முடிந்தால் ஹெட்டைக் கழற்றி வேலை செய்வதே நல்லது. டம்மியின் உலோகமும் அலுமினியத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும்.

அடைப்பதற்கு முன் அந்த வாய் உண்மையிலேயே வேண்டாததுதானா என்று உறுதி செய்யுங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை நீர் சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான். ஹீட்டர் உள்ள வண்டியில், ஒழுகுகிறது என்பதற்காக அதைத் துண்டிக்காமல் பழுது பாருங்கள். ஏற்றத்தில் முள் உயரும்போது ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்தால், அதுவே இன்னொரு சிறு ரேடியேட்டராக உதவும். வியர்க்கும், ஆனால் எஞ்சின் பிழைக்கும்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வடித்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

அடுத்த முறை உறவினர் வருகிறோம் என்று தகவல் சொன்னவுடன், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஒரு டார்ச் விளக்கோடு ஐந்து நிமிடம் செலவிடுங்கள். ஓஸ் மாட்டாத வாய், எம்-சீல் பூசிய இடம், வெள்ளையாகப் படிந்த கறை ஆகியவை கண்ணில் பட்டால், மலை ஏறும் முன்பே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.