இருமை எதிர்வல்ல: பிரேன்கள் பற்றிச் சில குறிப்புகள்

நமது சிறுபத்திரிகைச் சூழலில் இயற்பியல் பட்டிருக்கிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, ‘ஆகவே உண்மை என்று எதுவுமில்லை’ என்று முடித்த கட்டுரைகளை நிறையவே வாசித்திருக்கிறோம். நானும் அப்படியொன்று எழுதியவன்தான். தமிழ் எம்.ஏ. படித்தவன், கணிதம் பள்ளியோடு நின்றுபோனது. அந்தக் கூச்சம் இருந்தும் இழைக் கோட்பாடு பற்றி எழுதத் துணிவதற்கு ஒரு சொல்தான் காரணம்: ‘இருமை’.

அமைப்பியல் வந்த பிறகு இருமை என்றாலே நமக்கு இருமை எதிர்வுதான். ஆண்/பெண், மையம்/விளிம்பு, பேச்சு/எழுத்து. ஒன்று மேலே, மற்றது கீழே. இயற்பியலாளர் இருமை என்று சொல்வது இதற்கு நேர்மாறானது. விவரிப்புகள் இரண்டு, விவரிக்கப்படும் பொருள் ஒன்றே. எது அடிப்படை, எது அதிலிருந்து பிறந்தது என்பது நாம் எந்த விவரிப்பைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தது. கேட்பதற்கு நம் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கிறது. ஆனால் இதைச் சொல்வதற்கு அவர்கள் கொடுத்த விலை வேறு.

துகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியல்ல, அதிர்கிற மிக நுண்ணிய இழை என்பது இழைக் கோட்பாட்டின் தொடக்கம். வெளியும் காலமும் சேர்த்துப் பத்துப் பரிமாணங்கள் இருந்தால்தான் அதன் கணக்கு முரணின்றி நிற்கும். 1980களின் நடுவில் இப்படி ஐந்து கோட்பாடுகள் கையிலிருந்தன. 1995இல் ஜோசப் போல்ச்சின்ஸ்கி ஒன்றைக் காட்டினார். இழையின் நுனிகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புகளை அதுவரை வெறும் எல்லைகளாகவே பெரும்பாலோர் கருதிவந்தார்கள். அவை உண்மையில் எடையும் மின்னூட்டம் போன்றதோர் ஊட்டமும் கொண்ட, அசையக்கூடிய பொருள்கள் என்றார் அவர். இவையே டி-பிரேன்கள். சவ்வு என்று பொருள்படும் ‘மெம்பிரேன்’ என்ற சொல்லின் வால்தான் ‘பிரேன்’. ஒரு பரிமாணத்தில் நீண்டிருந்தால் டி1, மூன்றில் விரிந்திருந்தால் டி3.

சிவகாசியில் காலண்டர் பைண்டிங் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ‘ரெண்டு தாள் இருக்குன்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. நடுவுல ஒரு நூலு. அதோட நுனி ரெண்டும் ஏதாவது ஒரு தாள்லதான் ஒட்டியிருக்கணும். எத்தனை விதமா ஒட்டலாம்?’ நூலுக்குத் திசை உண்டு என்று கொண்டால் நான்கு விதம்: முதல் தாளிலிருந்து முதல் தாளுக்கே, இரண்டிலிருந்து இரண்டுக்கே, ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு. பன்னிரண்டு தாள் கொண்ட மாதக் காலண்டர் என்றால் 144. தாள்கள் விலகியிருந்தால் அவற்றுக்கிடையே இழுபட்டு நிற்கும் நூலுக்கு எடை உண்டு. தூரம் கூடக்கூட எடையும் கூடும். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால் அந்த எடை மறைந்துவிடுகிறது. நான்கும் ஒரே தரத்தவை ஆகிவிடுகின்றன.

அண்ணாச்சி கேட்டார்: ‘அப்ப சேந்து கெடக்கும்போது எது மேல் தாள், எது கீழ்த் தாள்னு கேக்க முடியாதுல்ல?’

முடியாது. அந்த ‘கேட்க முடியாமை’க்குத்தான் சமச்சீர்மை என்று பெயர். பெயர்களை மாற்றிப் போட்டாலும், ஒன்றோடொன்று கலந்து போட்டாலும், அளக்கக்கூடிய எதுவும் மாறுவதில்லை. தாள்களைப் பிரித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அப்போதும் விதிகளிலிருந்து சமச்சீர்மை போய்விடுவதில்லை, நிலைமைதான் அதை மறைக்கிறது.

இனி இருமை. மின்னூட்டத்துக்குத் தனித் துகள் உண்டு. காந்தத்துக்கு வடக்கு மட்டுமோ தெற்கு மட்டுமோ உள்ள தனிமுனையை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் கோட்பாட்டில் அதற்கு இடமுண்டு. அங்கே மின்துகள் லேசானது, ‘அடிப்படை’யானது. தனிமுனை கனமானது, புலங்கள் முறுக்கிக்கொண்டு உண்டாகும் கூட்டுப்பொருள். விசையின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த நிலை தலைகீழாகும், தனிமுனையே அடிப்படைத் துகள்போல நடந்துகொள்ளும் என்று 1977இல் மாண்டோனனும் ஆலிவும் ஊகித்தார்கள். வலிமையான விசையில் நேரடியாகக் கணக்குப்போட வழியில்லாததால் ஊகம் ஊகமாகவே கிடந்தது.

1994இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அசோக் சென் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தச் சமச்சீர்மை மெய்யானால் வேறு எதுவெல்லாம் இருந்தாக வேண்டும்? இரண்டு அலகு காந்த ஊட்டமும் ஓர் அலகு மின்னூட்டமும் சேர்ந்த ஒரு பிணைப்பு நிலை இருந்தே தீரவேண்டும். இல்லையென்றால் ஊகம் அங்கேயே செத்தது. வலிமை குறைந்த பக்கத்திலேயே, கணக்குப்போட முடிகிற இடத்திலேயே, அவர் தேடினார். அது இருந்தது. இருமையைப் பலரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிரேன் மொழியில் இதையே எளிதாகச் சொல்லலாம். இரண்டு டி3 பிரேன்களுக்கிடையே இழுபட்ட சாதாரண இழை மின்துகள். அதே இடத்தில் இழுபட்ட டி1 பிரேன் காந்தத் தனிமுனை. இரண்டு டி1களும் ஓர் இழையும் பிணைந்து நின்றால் சென் கண்டது. விசை வலுக்கும்போது இழையும் டி1ம் இடம் மாறிக்கொள்கின்றன. டி3 அப்படியே இருக்கிறது. இந்த இடமாற்றங்களை ஆளும் முழு எண்களின் குலம், கும்பகோணத்து ராமானுஜன் கையாண்ட மட்டுச் சார்புகளுக்கு அடியில் இருக்கும் அதே குலம்தான்.

இழைக் கோட்பாட்டுக்கு இன்றுவரை சோதனைச் சான்று இல்லை. இதை மறைத்துவிட்டு மேலே பேசுவது மோசடி. பிரேனை நாம் உருவகமாக்கி ‘மையம் சிதைந்தது’ என்று கொண்டாடுவதிலும் எனக்கு ஒப்புதலில்லை. இயற்பியலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது படிமமல்ல, அந்தக் கண்டிப்பு. ‘இரண்டும் சமம்’ என்று சொன்னவுடன் ஒரு கடன் ஏறுகிறது: பெயர்களை மாற்றிப் போட்டுக் காட்டு, இருந்தாக வேண்டியதைத் தேடிக் காட்டு.

எங்கள் பட்டாசு வட்டாரத்தில் ‘முதலாளி, தொழிலாளின்னு இல்ல, எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று மேடைதோறும் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மருந்து கலக்கும் அறையில் இருப்பவரையும் கணக்கு மேசையில் இருப்பவரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதுவும் மாறாவிட்டால்தான் அது சமம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்து பார்க்க உயர்கணிதம் ஒன்றும் வேண்டாம்.

அண்ணாச்சி கடைசியாகக் கேட்டது வேறொன்று. ‘பிரிச்சு வச்ச பிறகும் விதி மாறலன்னு சொன்னீகல்ல, அப்ப தாளப் பிரிச்சு வச்சது யாரு?’ இயற்பியலில் அதற்கு ஒரு விடை உண்டு. நம் வட்டாரத்துக்கான விடையை நாம்தான் எழுதவேண்டியிருக்கிறது.