ஒரே ஒருவரின் அஞ்சல்பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. இரும்புத் தகட்டுக்கு என்ன விலை பேசினோம் என்று இப்போது சப்ளையரோடு தகராறு. விலையை ஒப்புக்கொண்டு வந்த மெயில் அவருடைய பெட்டியில்தான் இருந்தது. அவர் வேலையை விட்ட வாரமே அந்தப் பெட்டியை நீக்கிவிட்டார்கள். “தினமும் பேக்கப் எடுக்கிறோம் சார்” என்கிறார் சிஸ்டம் அட்மின். உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு பெட்டி லேசில் வராது.

அந்த ஆலையின் மெயிலைக் கையாளும் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ஆளுக்கொரு கோப்பு கிடையாது. நூற்றுக்கணக்கானவர்களின் அஞ்சல் ஒரே தரவுத்தளக் கோப்புக்குள் பின்னிக் கிடக்கும். நெய்து முடித்த துணியிலிருந்து ஒரு நூலை மட்டும் உருவச் சொன்னால் ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர் என்ன சொல்வாரோ, அதுதான் அட்மினின் நிலையும்.

சர்வர் மொத்தமாக விழுந்தால் வழி உண்டு. வருகிற மெயில் முதலில் லாக் கோப்பில் எழுதப்பட்டு, பிறகே தரவுத்தளத்தில் ஏறுகிறது. ஞாயிறு இரவு எடுத்த முழு நகலை வைத்து, அதன்பின் சேர்ந்த லாக்குகளை வரிசையாக ஓட்டினால், புதன் மதியம் விழுந்த சர்வரைப் புதன் மதிய நிலைக்கே கொண்டுவரலாம்.

தனிப் பெட்டிக்குத்தான் பெரும்பாடு. 1990களின் இறுதியில், எக்ஸ்சேஞ்ச் 5.5 காலத்தில், பேக்கப் மென்பொருள்கள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து மெயில் மெயிலாகப் படித்து நகலெடுத்தன. ‘பிரிக் லெவல் பேக்கப்’ என்பார்கள். மிக மெதுவான வேலை. அதோடு, நூறு பேருக்குப் போன சுற்றறிக்கையை அப்போதைய எக்ஸ்சேஞ்ச் ஒரே பிரதியாகச் சேமித்து, நூறு பெட்டிகளிலிருந்தும் அதைச் சுட்டிக்காட்டியது. பெட்டிவாரியாக எடுத்தபோது அதே சுற்றறிக்கை நூறு பிரதியாகி பேக்கப் டேப்பை நிரப்பியது. இல்லையென்றால், இன்னொரு சர்வரைக் கட்டி, மொத்தத் தரவுத்தளத்தையும் அதில் இறக்கித் தேட வேண்டியிருந்தது.

எக்ஸ்சேஞ்ச் 2003 இதைக் கொஞ்சம் எளிதாக்கியது. ஓடும் சர்வரிலேயே பழைய நகலைத் தனியாக ஏற்றி, வேண்டிய பெட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. 2010 பதிப்பிலிருந்து அதற்கு ‘ரெகவரி டேட்டாபேஸ்’ என்று பெயர். ஆனால் ஒரு மெயிலுக்காகத் தரவுத்தளம் முழுவதையும் இறக்கும் அளவுக்குக் காலி டிஸ்க் வேண்டும். மூன்று மாதம் முந்தைய நகலை அதற்குள் அழிக்காமலும் இருந்திருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் தனி மென்பொருள்களும் உண்டு. சென்னை சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் ரெகவரிமேனேஜர் பிளஸ் அவற்றில் ஒன்று.

கிளவுடுக்கு மாறிவிட்டால் கவலையில்லை என்பதை நான் ஏற்கவில்லை. கணக்கை நீக்கியபின், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், மைக்ரோசாப்ட் 365-இல் 30 நாள், கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள்தான் அவகாசம். மூன்று மாதம் கழித்து வரும் தகராறுக்கு அது எப்படிப் போதும்?

பல இடங்களில் பிரதி வைப்பதும் பேக்கப் ஆகாது. 2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்குப் பெட்டி காலியாகத் தெரிந்தது. கூகுள் பல தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தது. சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் புகுந்த பிழை பல பிரதிகளையும் சேர்த்தே பாதித்தது. கைகொடுத்தவை காந்த டேப்புகள். இணைப்பில் இல்லாததால் பிழை அவற்றைத் தொடவில்லை.

சின்ன பட்டறைகளின் நிலை இன்னும் மோசம். பாப்3 முறையில் மெயிலை இறக்கி, சர்வரில் நகல் விடாமல் வைத்திருந்தால், மொத்தக் கடிதப் போக்குவரத்தும் கணக்கர் மேசைக் கணினியின் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது.

ஆலை நடத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலையை விட்டுப்போன ஒருவரின் பெட்டியை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெயில்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் முந்தைய பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றைத் தேடி, அதோடு வந்த பிடிஎஃப்பைத் திறந்து, விலையை வாசிக்கச் சொல்லுங்கள்.