பழைய காருக்கு டெம்பரேச்சர் மீட்டர்: ஏன் வேண்டும்? எப்படிப் பொருத்துவது?

தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் இப்போது உங்கள் கையில். பாலிஷ் போட்டு, டயர் மாற்றி, காராக் நெடுஞ்சாலை மேட்டில் ஜம்முனு ஏறுறீங்க. திடீரென்று பானட்டிலிருந்து ஆவி! டேஷ்போர்டைப் பார்த்தால் வேகமும் பெட்ரோல் அளவும்தான் தெரிகிறது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை.

காரில் கோளாறு இல்லை. 1948-இல் அறிமுகமான மோரிஸ் மைனரில் டெம்பரேச்சர் மீட்டர் வைக்கப்படவில்லை. குளிர் நாடான இங்கிலாந்துக்காக வடிவமைத்த கார் அது. நம்ம ஊர் வெயிலும் ஜாமும் வேறு கதை.

அளவுக்கு மீறி சூடானால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சிலிண்டர் ஹெட் வளையவோ விரியவோ கூடும். முன்கூட்டியே எச்சரிக்க ஒரு சின்ன மீட்டர் போதும்.

எந்த வகை வாங்கலாம்?

• மெக்கானிக்கல்: இன்ஜினில் மாட்டும் குமிழையும் மீட்டரையும் ஒரு மெல்லிய உலோகக் குழாய் இணைக்கும். சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி முள் நகரும். மின்சாரம் தேவையில்லை, விளக்குக்கு மட்டும் ஒரு வயர். ஆனால் குழாயை வெட்டினாலோ மடக்கி உடைத்தாலோ மீட்டர் அவ்வளவுதான்!

• எலக்ட்ரிக்: இன்ஜினில் ஒரு சென்சார், அதிலிருந்து ஒரு வயர். பொருத்துவது சுலபம். சென்சாரும் மீட்டரும் ஜோடியாக இருக்க வேண்டும்; வேறு மீட்டரின் சென்சாரை மாட்டினால் தவறான அளவு காட்டும்.

வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். 1960-களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எலக்ட்ரானிக் பாகம் உள்ள மீட்டரை அதில் அப்படியே மாட்டினால் எரிந்துபோகலாம். உங்கள் கார் அப்படி என்றால், மெக்கானிக்கல் வகைதான் தலைவலி இல்லாதது.

பொருத்துவது எப்படி?

1. முதலில் சோதனை. குமிழைக் கொதிக்கும் நீரில் வையுங்கள். முள் 100 டிகிரி செல்சியஸ் (ஃபாரன்ஹீட் என்றால் 212) அருகே நிற்க வேண்டும்.

2. இன்ஜின் முழுசா ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் வடியுங்கள்.

3. சென்சாருக்குச் சரியான இடம் தெர்மோஸ்டாட் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டில். அங்கே அடைப்பான் இருந்தால் கழற்றிவிட்டு மாட்டலாம். மரை பொருந்தாவிட்டால் அடாப்டர் வாங்குங்கள், பலவந்தமாகத் திருகாதீர்கள்.

4. துளையே இல்லையா? ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் சென்சார் அடாப்டர் வைக்கலாம். ரப்பரில் மின்சாரம் பாயாது என்பதால், எலக்ட்ரிக் சென்சாருக்கு அடாப்டரிலிருந்து பாடிக்குத் தனியாக எர்த் வயர் தேவை.

5. டேஷ்போர்டுக்குப் போகும் வயரும் குழாயும் எக்ஸாஸ்ட்டைத் தொடக்கூடாது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போடுங்கள். மீதிக் குழாயைச் சுருட்டிக் கட்டுங்கள்.

6. எலக்ட்ரிக் மீட்டருக்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, ஃபியூஸ் வைத்து இணைப்பு கொடுங்கள்.

7. தண்ணீரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

வயரிங் பழக்கம் இல்லையென்றால், பழைய கார் தெரிந்த பட்டறையில் கொடுப்பதே நல்லது.

முள் என்ன சொல்கிறது?

முதல் சில வாரம் உங்கள் காரின் ‘வழக்கமான’ அளவைக் கவனியுங்கள். பல கார்களில் அது 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும். ஜாமில் கொஞ்சம் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பயப்பட வேண்டாம். ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

இன்னொன்று: முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். அப்போது உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்; மீட்டரோ ‘குளிர்’ என்று காட்டும்!

முள் ஏறினால் என்ன செய்வது?

ஏர்கான் இருந்தால் அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசா திறந்துவிடுங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

மீட்டர் இன்ஜினைக் குளிர வைக்காது. அடைத்த ரேடியேட்டரும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் அப்படியே இருந்தால் சூடு ஏறத்தான் செய்யும். ஆவி வரும் முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். தாத்தாவின் காரை ஓரங்கட்ட நேரமும் கிடைக்கும்.