இரும்புக்கு அலையும் கிருமிகள்

2009 செப்டம்பரில் சிகாகோ நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்ந்தார். அன்றே இறந்தும் போனார். அவர் ரத்தத்தில் இருந்தது பிளேக் கிருமி. அதிலும் ஆய்வுக்கூடத்தில் அவரே கையாண்டுவந்த, வீரியம் குறைக்கப்பட்ட ரகம். உடலிலிருந்து இரும்பைக் கவரும் திறனை இழந்திருந்ததால், அது ஆளைக் கொல்லாது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் வேறொன்று தெரியவந்தது. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோய் அவருக்கு இருந்திருக்கிறது. அது கண்டறியப்படாமலே இருந்துவிட்டது. தானாகப் பறித்துக்கொள்ளத் தெரியாத கிருமிக்கு அங்கே இரும்பு தாராளமாகக் கிடைத்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

ஒரு தொற்று நம்மை வீழ்த்துமா, அடங்குமா என்பதில் இரும்புக்கு இவ்வளவு பெரிய பங்கு உண்டு. சுவாசிக்கவும் டி.என்.ஏ.வைக் கட்டவும் அநேகமாக எல்லாப் பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும். இரும்பை விட்டுவிட்டு மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளும் லைம் நோய்க் கிருமி அபூர்வமான விதிவிலக்கு.

வளர்ந்த மனிதர் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் உள்ளே நுழையும் கிருமியின் கைக்கு எட்டும்படி அதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினோடு பிணைந்திருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் சேமிப்பாக இருக்கிறது. ஒரு கூடு 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். ரத்தத்தில் பயணிக்கும் சிறு அளவையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பற்றியிருக்கும். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் அந்த வேலையை லாக்டோஃபெரின் செய்கிறது.

இந்தப் பதுக்கலே ஒரு தற்காப்பு என்பதை 1944-இல் ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இருவர் முட்டை வெள்ளைக்கருவை வைத்துக் கண்டார்கள். பச்சை வெள்ளைக்கருவைச் சேர்த்ததும் சீதபேதிக் கிருமியின் வளர்ச்சி நின்றது. இரும்பைச் சேர்த்தபோது கிருமி மறுபடி வளர்ந்தது. வெள்ளைக்கருவில் இரும்பைக் கட்டிவைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் மனித ரத்தத்திலும் அப்படியொரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அதைத்தான் இன்று டிரான்ஸ்ஃபெரின் என்கிறோம்.

தொற்று வந்துவிட்டால் உடல் பிடியை இன்னும் இறுக்குகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடல் உணவிலிருந்து எடுத்த இரும்பை ரத்தத்துக்குள் விடுவது குறைகிறது. பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பை மீட்கும் செல்களும் அதை வெளியே விடாமல் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இரும்பு இறங்கிவிடும்.

இந்தக் காவலை மீறக் கிருமிகள் பல வழிகளைக் கையாள்கின்றன. சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சிவப்பணுவை உடைத்து, சிந்தும் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பை எடுக்கிறது. கொனோரியாவையும் ஒருவகை மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நைசீரியா இனங்கள் டிரான்ஸ்ஃபெரினையே பிடித்து, அதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கின்றன. அவற்றின் பிடி மனித டிரான்ஸ்ஃபெரினுக்கென்றே அமைந்தது.

ஈ.கோலை போன்றவை இரும்பு இருக்கும் இடத்துக்கு ஆள் அனுப்புகின்றன. சிடரோஃபோர் எனப்படும் சிறு மூலக்கூறுகளை அவை வெளியே விடுகின்றன. ஈ.கோலையின் சிடரோஃபோர் என்டரோபாக்டின். அதற்கு மூன்று கரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். ஆறும் ஒரே இரும்பு அணுவைச் சுற்றி வளைத்துக்கொண்டால், டிரான்ஸ்ஃபெரினின் பிடிகூட அதற்கு ஈடாகாது. இரும்போடு திரும்பும் மூலக்கூறை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கத் தனி வாயில் கிருமியின் மேலுறையில் உண்டு. உள்ளே போனபின் பிடி தானாகத் தளராது. கிருமி ஒரு நொதியால் என்டரோபாக்டினையே வெட்டித்தான் இரும்பை விடுவிக்கிறது. ஓர் அணு இரும்புக்காக, பாடுபட்டுச் செய்த ஒரு மூலக்கூறையே அழிக்கிறது என்றால் அதன் தேவையை எண்ணிப் பாருங்கள்.

உடலிடம் இதற்கும் பதில் இருக்கிறது. நம் வெள்ளையணுக்கள் சுரக்கும் சிடரோகாலின் என்ற புரதம், திரும்பும் வழியிலேயே என்டரோபாக்டினைப் பிடித்துவிடுகிறது. சால்மோனெல்லா அதற்கும் ஒரு வழி கண்டது. என்டரோபாக்டினோடு சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்து உருவை மாற்றியதும், சிடரோகாலினால் அதைப் பிடிக்க முடியாமல் போகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த இரும்பு மிஞ்சினால் கிருமிக்கே ஆபத்து. ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் மூலக்கூறுகளை அது உண்டாக்கும். அதனால் ஃபர் என்ற புரதம் கணக்குப் பார்க்கிறது. உள்ளே இரும்பு போதுமானால், ஃபர் அதோடு இணைந்து டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்து, இரும்பு தேடும் மரபணுக்களை அணைத்துவைக்கும். இரும்பு குறைந்தால் விலகிவிடும். தேடல் மறுபடி தொடங்கும்.

தொண்டை அடைப்பான் கிருமியில் இதே போன்ற இன்னொரு புரதம் நச்சையும் ஆள்கிறது. இரும்பு நிறைய இருக்கும்வரை அந்தக் கிருமி நச்சு சுரப்பதில்லை. இரும்பு வறண்ட தொண்டையில் அணை திறந்துகொள்கிறது. குழந்தைகளைக் கொன்ற நச்சு வெளிவருகிறது. இரும்பு குறைவு என்பதே தான் ஓர் உடலுக்குள் இருப்பதைக் கிருமிக்குச் சொல்லும் அறிகுறி.

இந்தப் பசியை இன்று மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக்கில், இரும்பைப் பற்றும் சிடரோஃபோர் பகுதி ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. இரையோடு தூண்டில் முள்ளையும் விழுங்கும் மீனைப் போல, கிருமி இரும்புக்கு ஆசைப்பட்டு மருந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேறு மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் சிலவற்றின் மேலும் இது வேலை செய்கிறது. வாயிலை மாற்றிக்கொண்டு இதையும் எதிர்க்கும் கிருமிகள் ஏற்கெனவே தோன்றிவிட்டன என்பதால் ஆய்வு ஓயவில்லை.

நம் வீட்டு இரும்பு மாத்திரைக்கும் இந்த அறிவு பொருந்தும். காசநோய் போன்ற நீண்ட தொற்றில் வரும் ரத்தசோகைக்கு, உடல் இரும்பைப் பதுக்கிவைப்பதும் ஒரு காரணம். அப்போது மாத்திரையை மட்டும் விழுங்கினால் பெரிய பலன் இராது. தொற்றுக்குச் சிகிச்சை எடுத்தாக வேண்டும். தீவிரத் தொற்று இருக்கும்போது மருத்துவர்கள் இரும்பு ஊசியைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான். அதற்காகக் கர்ப்பிணிகளும் இரும்புச்சத்துக் குறைந்தவர்களும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இரும்புக் குறைபாடு தாயையும் குழந்தையையும் நலிவடையச் செய்யும். காய்ச்சல் நேரத்தில் தொடரலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.